மச்சானின் மவுஸ்

அந்த வெள்ளை மவுஸின் இரண்டு பக்கமும் கரி அப்பியிருக்கும். மேலே, இடது பொத்தானில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பு. கரி என் அத்தையுடையது. பரளச்சிக்கு வெளியே கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற இடத்தில் அவளுக்கு வேலை. பளபளப்பு அவள் மகனுடையது. என்னைவிட மூத்தவன், என் மச்சான்.

சிறுவயதிலேயே அவனுக்குத் தசைகள் கரையும் நோய் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் படி ஏற முடியாமல் நின்றான். பிறகு நடப்பதும் நின்றது. நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான்தான். அருப்புக்கோட்டையில் வேலை கிடைத்ததும் பழைய கேம் பெட்டி ஒன்றை வாங்கி, அவன் வீட்டு டிவியில் மாட்டி, மவுஸும் கீபோர்டும் இணைத்துக் கொடுத்தேன். ஊரைக் கட்டிப் படை திரட்டிக் காக்கிற விளையாட்டுதான் அவனுக்குப் பிடித்தது. எல்லோரும் முதலில் கோட்டை எழுப்புவார்கள். அவன் கிணறு வெட்டுவான். "மொதல்ல தண்ணி வேணும்லே. தாகத்தோட எவன் சண்டைக்கு வருவான்?"

கீபோர்டுக்குக் கை எட்டாமல் போனபோது, காற்றில் அசைத்தாலே திரையில் அம்புக்குறி நகரும் கோல் ஒன்றை வாங்கிப் போனேன். முடியாதவனுக்குப் பொத்தானைவிட வீச்சுதானே சுலபம் என்று நினைத்தேன். வீட்டு நடுவில் நின்று நான் ஆட்டிக் காட்ட, அவன் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "ஏத்தா, இங்க வா! ஒன் மருமயனுக்குச் சாமி வந்துருச்சு, துண்ணூறு எடு!"

பிறகு கோலை அவன் கையில் வைத்தேன். அது மடியிலேயே கிடந்தது. "இதுக்குக் கையத் தூக்கணும்ல, மாப்ள" என்றான், என்னைத் தேற்றுகிறவன் போல. அந்த நோய் கையில் தோளை முதலில் வாங்கும், விரலைக் கடைசியில்தான் தொடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எனவே மவுஸ் மட்டும். காலையில் அத்தை அவன் கையை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். கை நழுவினால் அவனால் திரும்ப வைக்க முடியாது. விளையாட்டை நிறுத்திவைக்கவும் முடியாது. மத்தியானம் அவள் கரிக்கையோடு ஓடிவந்து வைத்துவிட்டுப் போவாள். ஒரு விடுமுறை நாளில் நான் போனபோது கை நழுவிக் கிடந்தது. திரையில் எதிரிப் படை அவன் கட்டிய ஊரின் வீடுகளைக் கொளுத்திக்கொண்டிருந்தது. சனங்கள் கிணற்றைச் சுற்றி நின்றார்கள்.

"எவ்வளவு நேரமா மச்சான் இப்படி?"

"விடுலே. அவுகளும் நம்மளாட்டந்தான். யாராச்சும் வருவாகன்னு நிக்கிறாக."

கடைசியில் விரலும் ஓய்ந்தது. "அந்தச் சாமிக்கோல எடு. நீ ஆட்டு, நான் சொல்றேன்" என்றான். அவன் சொல்லச் சொல்ல ஆட்டினேன். "மேக்க போ… ஏலே, அது கெழக்குடா, படிச்ச மூதி!" ஐப்பசி மழைக்கு முன்பே, ஆட்டம் பாதியில் இருக்கும்போது, போய்விட்டான்.

இப்போது அந்தப் பெட்டியும் மவுஸும் அருப்புக்கோட்டையில் என் அறையில் இருக்கின்றன; ஆட்டத்தை அவன் விட்ட இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். போன வாரம் வந்திருந்த அத்தை, டிவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "அந்தச் சனமெல்லாம் இன்னும் அங்கனயேவா நிக்கிது?"

"ஆமா அத்தை."

அவள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். என் கையை எடுத்தாள். அவனுக்கு வைப்பது போலவே, மணிக்கட்டைத் தாங்கி, மெதுவாக மவுஸின் மேல் வைத்தாள். அந்தப் பளபளப்பின் மீது என் விரல் இருந்தது. அழுத்தத்தான் முடியவில்லை.