பெறுநர்: ஸ்ரீநிவாசன்

அனுப்புவதற்கு முன் பெறுநர் முகவரியை உதடு அசையப் படித்துப் பார்ப்பாள் விசாலம். ஹிஞ்சேவாடி அலுவலகத்தில் இருபது வருஷமாக இதே வழக்கம். மற்றவர்கள் பளபளக்கும் மெயில் திரையில் மேய, அவளுக்கு மட்டும் புரோகிராம், கடிதம், மளிகைப் பட்டியல் எல்லாமே ஒரு கறுப்பு டெக்ஸ்ட் எடிட்டரில்தான். கர்சர் துடித்தால், "ஜரா தாம்ப்டா, கொஞ்சம் பொறு, எழுதிண்டுதானே இருக்கேன்!" என்று மராத்தியும் தமிழுமாக அதட்டுவாள்.

அந்த எடிட்டர் முகவரியைத் தானாக நிரப்பாது. போன வாரம்தான் ஒரு சின்னப் புரோகிராம் எழுதி அந்தக் குறையையும் தீர்த்தாள். பெயரில் நாலெழுத்து அடித்து டேப் விசையைத் தட்டினால், கம்பெனி டைரக்டரியில் தேடி முகவரியைக் கொண்டுவந்து வைக்கும். முதலில் கிடைக்கிற ஒருவரை மட்டும் கொண்டுவா என்று எழுதியிருந்தாள். அம்மாளுக்கு எதிலும் அவசரம்.

இன்று மாலை, ஐந்துக்குப் பத்து நிமிஷம். பக்கத்து இருக்கை காவ்யாவின் வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் தகவலை அழித்துவிட்டாள் என்று விசாரணை. அழிக்கச் சொன்னவர் மேனேஜர் ஸ்ரீநிவாசன். விசாலம் காதால் கேட்டவள். அவளுக்கும் மேனேஜர் அவர்தான். சாட்சிக் கடிதம் ஐந்து மணிக்குள் விசாரணை அதிகாரி ராஜி ஸ்ரீநிவாசனுக்குப் போயாக வேண்டும்.

நாலெழுத்து, டேப். முகவரி வந்து உட்கார்ந்தது. அசைந்த உதடு பாதியில் நின்றது. மேனேஜருடைய முகவரி!

அனுப்பியிருந்தால் ராஜிக்குக் கடிதமே போயிருக்காது. காவ்யாவின் கதை முடிந்திருக்கும். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? கம்பெனிப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப ராஜி அப்பா பெயரைப் போட்டிருக்கிறாள். மேனேஜர் தன் பெயரையே இரண்டு தடவை போட்டிருக்கிறார். தானும் அப்படி நிரப்பியவள்தானே, இது தோன்ற வேண்டாமோ? "அசடு, அசடு" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"மேம், போயிடுச்சா?" காவ்யா எட்டிப் பார்த்தாள்.

"இல்லேடி, இரு."

புரோகிராமில் அந்த 'ஒருவரை மட்டும்' வரியை அழித்து, கிடைக்கிற எல்லோரையும் காட்டு என்று மாற்றினாள். மறுபடி டேப். மூன்று ஸ்ரீநிவாசன்கள், பிரிவின் பெயரோடு வந்து நின்றார்கள். ராஜியைத் தேர்ந்தெடுத்து இரண்டு தடவை படித்தாள்.

ஐந்துக்கு மூன்று நிமிஷம். அனுப்பப் போன விரல் தயங்கியது. பிறகு 'நகல்' என்ற வரிக்குப் போய், மேனேஜரின் முகவரியை, டேப் விசையைத் தொடாமல், ஒவ்வோர் எழுத்தாகத் தானே அடித்தாள்.