தன்னையே தடை செய்த நிர்வாகி

"சென்னையில என்னைக் கேக்காம ஒருத்தரும் ஒரு கமா போட முடியாது" என்பார் அஃப்சருன்னிசா. உடனே, "சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்றேன், இணையக் கலைக்களஞ்சியத்துல மட்டும்" என்று இறங்கி வருவார். அதுவும் கூட்டல்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற அந்தக் களஞ்சியத்தின் தமிழ் நிர்வாகிகளில் அவரும் ஒருவர், அவ்வளவே.

திருவல்லிக்கேணியில் பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பை ஒரு முறைப்பில் அடக்கியவர், இங்கே விதி எழுதி அடக்கினார். அவர் எழுதி, எல்லோரும் பேசி ஏற்ற விதி ஒன்று உண்டு. அடுத்தவர் செய்த மாற்றத்தை ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் அழித்துப் பழையபடி ஆக்கினால், எந்தக் கொம்பனுக்கும் ஒரு நாள் எழுதத் தடை.

அவர் நிர்வாகியாகத் தொடரலாமா என்ற வாக்கெடுப்பு மறுநாள் முடிவதாக இருந்தது. மயிலாப்பூர் ராஜகோபாலன் அதில் ஒரு கேள்வி போட்டிருந்தார்: 'வேண்டியவர் விதியை மீறினால் கண்டுகொள்ளாமல் விடுவீர்களா?' காரமாகப் பதில் எழுத உட்கார்ந்தார் அஃப்சருன்னிசா. ஆனால் கண் வேறிடம் போயிற்று. ஒன்றாக இருந்த வடைக் கட்டுரையை அதே ராஜகோபாலன் ஆமவடை, மசால் வடை என்று இரண்டாகப் பிரித்துவிட்டிருந்தார்.

'வெங்காயம் போட்டதுக்குத் தனி வீடு கட்டித் தரணுமா?' என்று குறிப்பு எழுதி, பழையபடி ஆக்கினார். அவர் பிரித்தார். இவர் சேர்த்தார். மறுபடி பிரிவு, மறுபடி சேர்ப்பு. இன்னொரு பிரிவு, இன்னொரு சேர்ப்பு. கடைசியாகச் சேர்த்த கையோடுதான் தான் எழுதிய விதியே உறைத்தது.

போன் அடித்தது. ராஜகோபாலன்.

"நாலாயிடுத்து, மேடம்."

"தெரியுது, சார். நீங்க மூணோட நிறுத்திக்கிட்டீங்க, கெட்டிக்காரர்."

"இன்னும் யாரும் பாக்கலை. நாளைக்கு ஓட்டு முடியட்டும், அப்புறம் தடையைப் போட்டுண்டா போறது. இப்பவே போட்டுண்டா என் கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுவேள்?"

"எழுத முடியாதுதான்."

"பதவி போயிடும், மேடம்."

போனை வைத்தார். தடை போடும் பக்கத்தைத் திறந்து, பெயர்ப் பெட்டியில் தன் பெயரையே இட்டு, 'காரணம்' என்ற இடத்தில் 'வடை' என்று எழுதி, பொத்தானை அழுத்தினார். நிர்வாகி என்பதால் அந்தத் தடையை நீக்கும் பொத்தானும் அவர் கையிலேயே இருந்தது. அது கண்ணில் படாமலிருக்க மடிக்கணினியை மூடிவிட்டு, மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனார். அன்றும் மறுநாளும் வீட்டில் துவைக்காத துணி ஒன்றுகூட மிச்சமில்லை.

களஞ்சியக்காரர்கள் அடுத்த முறை மயிலாப்பூர் ஓட்டலொன்றில் கூடியபோது, புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இந்தக் கதையை அவரே சொன்னார்.

"ஒரு வரி பதில் எழுதலை. ஆனாலும் ஒருமனதா என்னையே வெச்சாங்க. ஒரு எதிர்ப்பு ஓட்டு? மூச்!"

காபி ஆற்றிக்கொண்டிருந்த ராஜகோபாலன் டபராவைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு இருந்தது. நான் போட்டேன். கேள்விக்குப் பதில் வரலையே."