பைக் சிஸ்டர் ஸ்கூட்டருக்கு மாறிய வருடம்

பிலோமினா சிஸ்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். அவர் கீழே விழுந்ததையும் எழுதுவேன், அப்போது நான் சிரித்ததையும் எழுதுவேன். நல்லதை மட்டும் எழுதினால் அது யாரைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கலாம். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர் ஊசி போட்டிருக்கிறார். நான் ஏதாவது தவறாக எழுதினால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோவில் மணி விட்டு விட்டு, மெதுவாக அடித்தது. பூசைக்கு அடிக்கிற மணி அப்படி இருக்காது. குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன அம்மா பாதிக் குடத்தோடு திரும்பி வந்து, "நம்ம சிஸ்டர்டி" என்றார். இரவு தூங்கியவர் காலையில் எழுந்திருக்கவில்லை. ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்தான் இருந்தது. நான்கு நாள் முன்பு, புதன்கிழமை, எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு, அது அழுது முடிக்கும்வரை வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரான குருவிநத்தத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் பகுதியின் கிராம செவிலியர். வெள்ளைக் கோட்டும் சுடிதாரும் அணிந்து, பின் சீட்டில் தடுப்பூசிப் பெட்டியை ரப்பர் கயிற்றால் கட்டி, முப்பது வருடம் பைக்கில் வந்தவர். ஊரில் மற்றப் பெண்கள் சைக்கிளில் போன காலத்தில் தம்பியின் பைக்கை வாங்கி ஓட்டிப் பழகினாராம். அதனால் அவர் பெயர் பைக் சிஸ்டர். பைக் சத்தம் கேட்டதும் குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார்கள். நானும் ஒளிந்திருக்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். சிஸ்டர் எந்த வீட்டுக்குப் போனாலும் வண்டியைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலோ, மதகுச் சுவருக்குப் பக்கத்திலோ நிறுத்துவார். திரும்பும்போது அதன்மேல் ஏறி நின்றுதான் பைக்கில் உட்காருவார். கேட்டதற்கு, "வயசாவுது இல்ல, மாடிப்படி வெச்சி ஏறுறேன்" என்று சிரித்தார். உண்மையில் அவருடைய இடுப்பு எலும்பு தேய்ந்திருந்தது. வலது காலைத் தூக்கி சீட்டுக்கு அந்தப் பக்கம் போட முடியவில்லை. கல் இல்லாத வீடுகளில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

ஒரு நாள் அப்படித் தள்ளிக்கொண்டு போவதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பார்த்துவிட்டார். அவர் நல்ல டாக்டர், வயதில் சிறியவர். அக்கறையோடுதான் சொன்னார்: அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் நிலையத்திலேயே உட்கார்ந்து மாத்திரை கொடுங்கள், களப்பணிக்கு வேறு ஒருவரை அனுப்புகிறேன். சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வரமாட்டார்கள். வந்தால் அன்றைய வேலை போய்விடும். ஆற்றங்கரைக்கு அப்பால் இருக்கிற வீடுகளிலிருந்து யாருமே வரமாட்டார்கள். அன்று மாலை எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார்: "கொழந்த நம்பளத் தேடிக்கினு வராது. நாமதான் போவணும். நான் ஒக்காந்துட்டா அந்த ஆத்தங்கர வூட்டுக்கெல்லாம் யாரு போவா?"

அடுத்த வாரமே வில்லியனூருக்குப் போய் ஸ்கூட்டர் வாங்கி வந்தார். காலைத் தூக்க வேண்டாம், அப்படியே உட்காரலாம். ஆனால் சின்ன ஸ்கூட்டர் அவருக்கு உதவாது. ஆற்றங்கரை ஏற்றத்தில் இரண்டு பேர் ஏறினால் அது பாதியில் நின்றுவிடும், ஒருவர் இறங்கித் தள்ள வேண்டும். ஆகவே அவர் வாங்கியது நூற்று அறுபது சிசி. முன்னால் அகலமாக, இரண்டு விளக்கோடு, கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது. பங்குத் தந்தை ஜெபம் சொல்லி மந்திரித்துக் கொடுத்தார். கரும்பு மேஸ்திரி ஏழுமலை மாமா அது போதாது என்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. "இன்னா சிஸ்டர், கடசில பொம்பள வண்டிக்கு வந்துட்டீங்களே" என்றார்.

சிஸ்டர் சாவியைத் திருகிக்கொண்டே, "நான் பொம்பளதான மேஸ்திரி. ஒங்களுக்கு இப்பதான் தெரியுதா?" என்றார்.

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஐந்து நிமிடத்தில் அந்தச் சிரிப்பு எங்கள் பக்கம் திரும்பியது. என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சிஸ்டர் அதே டீக்கடையைத் தாண்டியபோது ஒரு கோழி குறுக்கே ஓடியது. பைக் ஓட்டுகிறவர்கள் வேகத்தைக் குறைக்கும் முன் இடது கையால் கிளட்சைப் பிடிப்பார்கள். சிஸ்டரின் இடது கை தானாகவே முழுப்பிடி பிடித்தது. ஸ்கூட்டரில் அந்த இடத்தில் கிளட்ச் கிடையாது, பிரேக் இருக்கிறது. வண்டி ஆணி அடித்தது போல நின்றது. நான் அவர் முதுகில் மோதினேன், இருவரும் வண்டியோடு பக்கவாட்டில் சாய்ந்தோம். அவருடைய வலது கால் மட்டும், இல்லாத பிரேக்கைத் தேடி இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன். என் முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் ஊரில் அவர் வேலை பார்க்கிற துணை சுகாதார நிலையத்தில் வைத்து என் காலுக்குக் கட்டுப் போட்டார். முகம் வாடியிருந்தது. "முப்பது வருஷம் கிளட்ச் புடிச்ச கை. வாயால சொன்னா கேக்காது" என்றார். பிறகு கையில் மீதமிருந்த கட்டுத் துணிச் சுருளையே கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து வெளியே போய் ஸ்கூட்டரின் இடது பிரேக் பிடியில் அந்தத் துணியைப் புண்ணுக்குச் சுற்றுவது போலவே ஒழுங்காகச் சுற்றி, பிளாஸ்திரி ஒட்டினார். விரல் பட்டதும் துணி சொரசொரவென்று இருக்கும். அது கிளட்ச் இல்லை என்று அப்போது கைக்கே தெரிந்துவிடும். வாயால் சொல்லிக் கேட்காத கைக்கு விரல் வழியாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு தினமும் மாலையில் பள்ளி மைதானத்தில் ஓட்டினார். நான் நூலகத்தில் எடுத்த புத்தகத்தோடு ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். நடுநடுவே எழுந்து போய் வண்டிக்கு முன்னால் திடீரென்று கை காட்டுவது என் வேலை. முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் வண்டி குலுங்கி நின்றது. "இன்னாடி புஸ்தகம், இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு" என்பார். எங்கே போனாலும் கையில் புத்தகத்தோடு இருப்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அது. ஊர் சும்மா இருக்குமா? கட்டுப் போட்ட பிரேக்கைப் பார்த்தவர்கள், வண்டிக்கு அடிபட்டுவிட்டதா என்று விசாரித்தார்கள். "ஆமா, கொணமாயினு வருது" என்று சிஸ்டர் பதில் சொன்னார். மூன்றாவது வாரம் நான் கை காட்டியபோது வண்டி வெண்ணெயில் வழுக்குவது போல மெதுவாக வந்து என் காலடியில் நின்றது.

மாதக் கடைசிப் புதன்கிழமை டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். இன்று ஒரு நாள் என் பின்னால் உட்கார்ந்து ரவுண்டு வாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். நாங்கள் கீழே விழுந்தது டாக்டருக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. டாக்டர் இதைப் படித்தால் மன்னிக்கவும்.

அரைப் பரீட்சை விடுமுறை என்பதால் நான் ஆற்றங்கரை மேல் நின்றிருந்தேன். ஏழுமலை மாமாவும் கரும்பு வெட்டுகிற ஆட்கள் சிலரும் நின்றிருந்தார்கள். ஸ்கூட்டர் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தது. தடுப்பூசிப் பெட்டி சிஸ்டரின் கால்களுக்கு நடுவில் இருந்தது. பின்னால் டாக்டர் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்திருந்தார். ஏற்றத்தில் வண்டி ஒரு முறைகூடத் திணறவில்லை. உச்சிக்கு வந்த நேரம், சொல்லி வைத்தது போல ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்து நின்றது. மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டரின் இடது கை மெல்ல, பூப் பறிப்பது போல, பிடியை அழுத்தியது. வண்டி நின்றது. கன்றுக்குட்டி போனது. பெட்டியில் இருந்த ஒரு புட்டிகூடச் சத்தம் போடவில்லை. டாக்டர் அந்த நேரத்தில் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியாது.

அன்று கரைக்கு அப்பால் இருந்த எல்லா வீட்டுக்கும் போனார்கள். சிஸ்டர் ஒரு வீட்டிலும் கல்லைத் தேடவில்லை. திரும்பி வந்து இறங்கியதும் டாக்டர் முதலில் கேட்டது வேலையைப் பற்றி இல்லை. "சிஸ்டர், இது என்ன வண்டி? எங்கப்பாவுக்கு முட்டி வலி. பைக்ல ஏற முடியாம வீட்லயே உக்காந்திருக்கார்" என்றார். பிறகுதான், "வேற ஆள் வேணாம், நீங்களே ரவுண்டு போங்க" என்றார். சிஸ்டர் தலையாட்டிவிட்டு, கொண்டுபோன பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். நான் கைதட்டினேன். கைதட்டியது நான் மட்டும்தான், ஆனால் சத்தமாகத் தட்டினேன்.

அதற்கப்புறம் நடந்ததை ஊரே அறியும். மேஸ்திரி மாமாவுக்குப் பல வருடமாக முதுகு வலி. ஒரு நாள் யாரும் பார்க்காத நேரமாக வந்து, ஒரு சுற்றுப் போகட்டுமா என்று கேட்டார். அடுத்த ஆயுத பூஜையில் அவருடைய பைக் நின்ற இடத்தில் பெரிய ஸ்கூட்டர் ஒன்று மாலையோடு நின்றது. மறுநாள் காலையில் துணை நிலையத்து வாசலில் நின்றார். "சிஸ்டர், அந்தக் கட்டுத் துணி கொஞ்சம் குடுங்க. மதகாண்ட உழுந்துட்டேன்" என்றார். சிஸ்டர் ஒரு சுருளைக் கையில் கொடுத்தார். பொம்பள வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று எங்கள் தெருவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் பைக் வைத்திருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இன்று மாலை துணை நிலையத்தில் சிஸ்டரின் படத்திறப்பு நடந்தது. டாக்டர் பேசினார், மேஸ்திரி மாமா படத்துக்கு மாலை போட்டார். கூட்டம் முடிந்தும் நான் மூலையில் இருந்த மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது என் தடுப்பூசி அட்டை. நான் பிறந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஊசிக்கும் எதிரில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. கடைசி ஊசி பதினாறு வயதுக்கு உரியது. பள்ளியில் போட்ட அன்று எனக்குக் காய்ச்சல் என்பதால் இந்த வருடம் வீட்டுக்கே வந்து போட்டார். மற்ற கையெழுத்துகளை எல்லாம் பைக்கில் வந்து போட்டார், இதை மட்டும் ஸ்கூட்டரில் வந்து போட்டார். அட்டையை வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பலமுறை பார்த்துவிட்டேன். கையெழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். என் மேசைக்கு மேல் இருக்கிற விளக்கைத் தவிர மற்ற விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.