உறை மாறிப் போன மன்றாட்டு

செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியார் நவநாள் ஜெபத்துக்கு வரும் எல்லோருக்கும் பிலோமினா எழுதுவது. கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்காருகிறவள் நான். தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு என் படிப்பு முடிந்தது. எழுத்து கோணலாக இருக்கும், மறதியும் சேர்ந்துவிட்டது. மைக்கில் நின்று பேச எனக்கு வராது, அதனால் எழுதிக் கொடுக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை இறந்தபின் அவள் மகள் ஜெனிபரை நான்தான் வளர்த்தேன். இந்த வருஷம் தவக்காலம் தொடங்கியபோது அவளுக்கு புக்கிட் மெர்தாஜாமில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. எங்களுக்குப் பணத்துக்கு வழியில்லை. பத்து காவானில் இருக்கும் ஃபேக்டரி வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை வேன் வரும் என்றார்கள். அவள் நர்சிங் கடிதத்தை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு நான் பாத்ரூமில் போய் அழுதேன்.

அதற்கு முன்வாரம் ஒரு போன் வந்திருந்தது.

"அக்கா, மவுத்தாப் போன நூர்ஜஹான் டீச்சரோட தம்பி பேசுறேன். டீச்சர் பேருல படிக்கிற பிள்ளைங்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறோம். ஜெனிபர் பேரு டீச்சர் நோட்டுலயே இருக்கு. ஃபாரம் அனுப்புறேன். ஐசி காப்பி, பேங்க் புத்தகக் காப்பி வெச்சு..."

நான் போனை வைத்துவிட்டேன். ஐசி அடையாள அட்டை, பேங்க் என்று கேட்டால் ஸ்கேமர்தான். கீழ் வீட்டு அம்மா இப்படித்தான் ஏமாந்தார்.

நூர்ஜஹான் டீச்சர் ஜெனிபரின் பள்ளியில் கவுன்சலிங் டீச்சராக இருந்தவர். தங்கை இறந்த வருஷம், பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஜெனிபர் படுத்துவிட்டாள். டீச்சர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். நாலாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அவரையும் நான் நம்பவில்லை. ஒரு முஸ்லிம் டீச்சருக்கு நம் பிள்ளையிடம் என்ன வேலை? மதம் மாற்றவா, வெல்ஃபேர் ஹோமில் கொண்டுபோய் விடவா? வாசல் கம்பிக் கதவை, கிரில்லைத் திறக்கவே மாட்டேன். அவர் கோபப்படாமல் வெளியே நின்று கம்பி வழியாகவே பேசுவார். பாடம், சினிமா, பூனைக்குட்டி, ஏதாவது. மூன்று மாதம் இருக்கும். ஒரு நாள் ஜெனிபர் தானாகவே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நின்றாள். அப்போதும் நான் டீச்சருக்கு நன்றி சொல்லவில்லை.

அவர் இறந்ததே எனக்கு அந்தப் போனில்தான் தெரியும். அதையும் நான் நம்பவில்லை.

ஃபாரம் தபாலில் வந்தே விட்டது. விலாசம் எப்படித் தெரிந்தது என்று அதற்கும் பயந்தேன். ஜெனிபர் நிரப்பி, ஒரு வெள்ளை உறைமேல் விலாசமும் எழுதிப் பக்கத்தில் வைத்தாள்.

"நல்லவங்க லா பெரியம்மா. போஸ்ட் பண்ணிடுங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"உனக்கு எல்லாரும் நல்லவங்கதான்."

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தோனியாருக்கு மன்றாட்டு எழுதினேன். "இவர்கள் திருடர்களா என்று எனக்குத் தெரியவில்லை. திருடர்கள் என்றால் பிள்ளையின் ஃபாரம் அவர்கள் கைக்குப் போகக் கூடாது. நல்லவர்கள் என்றால் எனக்குப் புரியும்படி காட்டும்." அவருக்கு வீடு தெரிய வேண்டுமே என்று பெயர், பிளாக் நம்பர் எல்லாம் போட்டேன். நவநாளில் மன்றாட்டை வாசிக்கும் லூர்து அண்ணனுக்கு என் கையெழுத்து தெரியும். வெட்கமாக இருந்ததால் அதற்கும் ஒரு வெள்ளை உறை எடுத்தேன்; ஃபாரத்தையும் மன்றாட்டையும் மடித்து உறைக்கு ஒன்றாக வைத்து ஒட்டினேன். ஒன்றைத் தபால் பெட்டியில் போட்டேன். மற்றதை அன்று நவநாள் முடிந்து கூட்டம் கலைந்தபின் கோவில் மன்றாட்டுப் பெட்டியில் போட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கிரில்லுக்கு வெளியே ஒரு ஆள் நின்றார். தொப்பி போட்டிருந்தார். சட்டையில் கறி வாசனை.

"பிலோமினா அக்கா வீடா? நான் சலீம். டீச்சர் தம்பி."

"வீட்டுல யாரும் இல்ல" என்றேன், உள்ளே நின்றுகொண்டே.

அவர் சிரித்துவிட்டார். கம்பி வழியாக ஒரு தாளை நீட்டினார். என் கையெழுத்து. எனக்கு உயிரே போய்விட்டது.

"அந்தோனியாருக்கு எழுதினது என் சாப்பாட்டுக் கடைக்கு வந்துடுச்சு அக்கா. நான் திருடனான்னு கேட்டிருக்கீங்க. இல்லன்னு நானே சொன்னா நம்புவீங்களா?"

"திருடனும் அப்படித்தான் சொல்லுவான்." வாயில் வந்துவிட்டது.

"அதுவும் சரிதான்" என்று தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார். "எங்க அக்கா இந்த வீட்டைப் பத்திச் சொல்லும். 'அந்தம்மா கிரில்லத் திறக்கவே மாட்டாங்க. ஆனா நான் கிளம்புறப்ப ஒரு சோயா பால் பாக்கெட்டுல ஸ்ட்ராவக் குத்தி, கம்பி வழியா நீட்டுவாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க'ன்னு."

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஜெனிபருக்குக்கூடத் தெரியாது. மாடி ஏறி வந்தவருக்குத் தாகமாக இருக்குமே, கிளாஸ் என்றால் கம்பிக்குள் நுழையாதே என்று கொடுத்தது. எந்த ஸ்கேமருக்கு இது தெரியும்?

கிரில்லைத் திறந்தேன்.

"இப்ப ஃபாரம் எங்க அக்கா? நாளைக்குக் கடைசி நாளாச்சே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபாரம் அந்தோனியார் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பெட்டியை இனி அடுத்த செவ்வாய்க்கிழமைதான் திறப்பார்கள். சலீம் தம்பி தன் காடியிலேயே என்னை ஏற்றிக் கோவிலுக்குக் கூட்டி வந்தார். லூர்து அண்ணன் சாவியோடு வந்து பெட்டியைத் திறந்து உறையைப் பிரித்தார்.

"என்ன பிலோமினா, அந்தோனியார்கிட்டயே ஐசி காப்பி கொடுத்துட்டியா?"

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் கேட்டது அப்படியே நடந்தது. எனக்குப் புரியும்வரை அந்தோனியார் ஃபாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அங்கேயே அதைச் சலீம் தம்பி கையில் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஃபேக்டரி வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஜெனிபர் இறங்கவில்லை. டீச்சர் பேரில் உதவித்தொகை கிடைத்து இப்போது நர்சிங் படிக்கிறாள். கர்த்தருக்கு நன்றி, அந்தோனியாருக்கு நன்றி.

சந்தேகம் என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரியாத நம்பர் வந்தால் இன்றும் எடுப்பதில்லை. ஆனால் வாசலில் வந்து நிற்பவரை உள்ளே உட்காரச் சொல்கிறேன். டீச்சரை ஒரு நாளும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. அது மனதில் முள்ளாக இருக்கிறது. உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் மறைக்காமல் சாமியிடமே கேளுங்கள். கேட்டதற்காக அவர் கோபிக்க மாட்டார்.

டீச்சர் வந்தது மூன்று மாதமா நாலு மாதமா என்று எனக்கு நிச்சயமில்லை. யாராவது சலீம் தம்பியிடம் கேட்டுச் சரிபாருங்கள். டீச்சர் பெயரை நான் எழுதியது சரியா என்றும் கேளுங்கள். மற்றதில் பிழை இருந்தால் பரவாயில்லை, அந்தப் பெயரில் மட்டும் இருக்கக் கூடாது.