மலாவிப் பள்ளிக்காகக் கீழ்வேளூர் வரை

காலை ஆறே காலுக்குத் தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் மன்னார்குடி வண்டி ஏறினேன். ஐப்பசி மழை. ஷட்டர்களை இறக்கிவிட்டிருந்ததால் வெளியே எதுவும் தெரியவில்லை.

மலாவி நாட்டில் ஒரு கிராமப் பள்ளியில் நான்கு ஆண்டுகளாகக் கணக்கு சொல்லித்தருகிறேன். போன மழைக்காலத்தில் அங்கே மண்சுவர் இடிந்து விழுந்து ஏழு வயதுப் பெண்குழந்தை இறந்துபோனாள். பக்கத்து அறையில்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்த மழைக்குள் இரண்டு வகுப்பறைகளாவது சிமெண்டில் கட்டியாக வேண்டும். விடுப்பில் வந்தவன், இரண்டு வாரமாகத் தெரிந்தவர்களிடமெல்லாம் நன்கொடை கேட்டுவிட்டேன். கிடைத்தது கொஞ்சம். பாக்கி இருந்தவை இரண்டு ஊர்கள்.

மன்னார்குடியில் வண்டி மாறிக் கூத்தாநல்லூரில் இறங்கியபோது மணி ஒன்பது. மலேசியாவில் கடை வைத்திருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் வரச் சொல்லியிருந்தார்.

“வாங்க தம்பி, நனைஞ்சிட்டீங்களே” என்று துண்டைக் கொடுத்தார். கைப்பேசியில் இடிந்த சுவரின் படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். சொல்லிச் சொல்லி அது எனக்கு வாய்ப்பாடு போல ஆகியிருந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் முகம் மாறும் என்பதுகூடத் தெரியும். அங்கே நிறுத்தினேன்.

“அந்தப் புள்ள பேரு என்ன?”

இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் சொன்னதில்லை.

“சிம்வெம்வே. சந்தோஷம்னு அர்த்தம் பாய்.”

“அத்தா அம்மா எப்படி இருக்காங்க?”

அடக்கத்தன்று அவர்களைப் பார்த்ததோடு சரி. “தெரியலை” என்றேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் உள்ளே போய்க் காசோலை எழுதி வந்தார். முன்பு சேர்ந்ததோடு இதையும் சேர்த்தால் ஓர் அறை எழும்பிவிடும். ஆனாலும் படியிறங்கும்போது மனம் லேசாகவில்லை.

திருவாரூர் போய், அங்கிருந்து பதிமூன்று கிலோமீட்டர் கீழ்வேளூர். உள்ளே இன்னொரு கிராமத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். நட்டு இருபது நாளான சம்பா இரு பக்கமும் தண்ணீருக்குள் கிடந்தது.

“வடிகால் பூரா ஆகாயத்தாமரை. தண்ணி எங்க சார் போவும்?” என்றார் ஓட்டுநர்.

கல்லூரி நண்பன் பாஸ்கரன் அங்கே விவசாயம் பார்க்கிறான். விவசாயிகள் சிலரைச் சமுதாயக் கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தான். கூடத்தில் ஐந்து வகுப்புப் பிள்ளைகள் நான்கு மூலையிலும் நடுவிலுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக் கட்டடம் வெடிப்பு விட்டதென்று இடித்து இரண்டு வருடமாகிறதாம். இதை பாஸ்கரன் போனில் சொல்லவே இல்லை.

மகளைக் கூட்டிப்போக வந்த செல்வி என்ற பெண், காலில் வயல் சேற்றோடு வாசலில் நின்றாள். “சார் யாருண்ணே? பள்ளிக்கூடம் கட்ட வந்திருக்காங்களா?”

பாஸ்கரன் என் முகத்தைப் பார்த்தான். நானே சொன்னேன்: “இந்த ஊருக்கு இல்லீங்க. ஆப்பிரிக்காவுல ஒரு பள்ளிக்கூடத்துக்கு.”

“அங்கயும் இப்படித்தானா?”

“இதைவிட மோசம்.”

“அப்ப மொதல்ல அதப் பாருங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. முந்தானையை மகள் தலைமேல் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினாள். வந்திருந்த விவசாயிகளிடம் பயிரைப் பற்றி விசாரித்தேன். வந்த காரியத்தை வாய் திறந்து கேட்க முடியவில்லை. தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மாலை ஐந்து மணிக்குத் திருவாரூர் பேருந்து நிலையத்திலிருந்து மலாவித் தலைமையாசிரியை கிரேஸை அழைத்தேன். ஓர் அறைக்குத்தான் பணம் சேர்ந்தது என்றேன்.

“எந்த வகுப்பை உள்ளே வைக்கலாம்?” என்று கேட்டார்.

“சிம்வெம்வேயோடு படித்தவர்களை.”

“அவர்கள் வரமாட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைய மறுக்கிறார்கள். மரத்தடியில்தான் பாடம். நீங்கள் விடுப்பில் போவதற்கு முன்பே அப்படித்தான்.”

அறை போதாததால்தான் மரத்தடி என்று நினைத்திருந்தேன்; அவர்கள் பயத்தை நான் கவனித்ததில்லை. “மழை வந்தால்?”

“நனைவார்கள்” என்றார்.

தஞ்சாவூர் வண்டி வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, நனைந்தாலும் பரவாயில்லை என்று ஷட்டரை ஏற்றிவிட்டேன். நீடாமங்கலம் தாண்டும் வரை இருபுறமும் தண்ணீர்தான் தெரிந்தது.