ஏர்கோன் அடியில் கிடைத்த இடம்

அன்று அந்தக் கணினி அறையில் இருந்தவர்கள்: நான், என் மகள் வயதில் எட்டுப் பேர், கண்காணிக்கும் மலாய்க்கார அம்மா ஒருவர். முருகனையும் சேர்த்தால் பதினொரு பேர்.

கார் உரிமத்துக்கான சாலை விதித் தேர்வு அது. எனக்கு இரண்டாவது முறை.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சர்க்கரையால் பார்வையும் மங்கியதால் அவரால் ஓட்ட முடியாது. கொழுந்தன் சேகர்தான் சாலாக் செலாத்தானிலிருந்து கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவான். ஒருநாள் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணி, எனக்கு ஜொகூர்ல வேலை கெடச்சிருச்சு. நீங்க பாஸ் பண்ணிட்டா, லைசன்ஸ் எடுக்குற வரைக்கும் இருப்பேன். மறுபடியும் ஃபெயில்னா என்னால காத்திருக்க முடியாது."

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். தமிழ் வாசிப்பேன். ஆனால் கோயிலில் பதிகம் படிப்பதுபோல் வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். முதல் தேர்வில் அப்படித்தான் படித்தேன். அந்த அம்மா உதட்டில் விரல் வைத்து, "காக், டியாம்!" என்று, சும்மா இருக்கச் சொல்லி மலாயில் அதட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். வாயை மூடினேன். எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது. தோற்றேன்.

மறுதேதி கேட்டபோது டிரைவிங் ஸ்கூல் பெண், "புதன்கிழமைதான் இடம் இருக்குலா, அக்கா. இல்லனா அடுத்த மாசம்தான்" என்றாள். புதன் டயாலிசிஸ் நாள். அவரோடு இருக்க சேகர் லீவு எடுத்தான்.

சத்தமில்லாமல் படிக்க, வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு பழகினேன்.

"என்னடி, மீன் மாதிரி கன்னத்த உப்பிக்கிட்டு?" என்று அவர் சிரித்தார். பிறகு, "முடியலன்னா விட்டுரு. டயாலிசிஸ் பண்ணது போதும், நிறுத்திருவோம்" என்றார். பூசையறையில் விழுந்து அழுதேன். 'முருகா, வாய் மூடிப் படிக்கக் கற்றுக்கொடு.' அது ஒன்றுதான் கேட்டேன்.

அதை அவன் தரவில்லை. புதன் காலை வரை எனக்கு வரவே இல்லை.

தேர்வறையில் ஒரு பெண் என் தோளைத் தொட்டாள். "ஆன்ட்டி, எடம் மாத்திக்கலாமா? ஏர்கோன் சத்தம் தாங்கல." அந்த அம்மாவும் சரி என்று தலையசைத்தார். போய் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே பழைய ஏர்கோன் லோரி மாதிரி உறுமியது. தோளில் தண்ணீர் சொட்டியது. திரையில் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். பயந்து பயந்து வாயைத் திறந்தேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை!

ஒவ்வொரு கேள்வியையும் பதிகம்போல் படித்தேன். புரிந்தது. நடுவில் அந்த அம்மா என்னை நோக்கி வந்தார். உயிரே நின்றுவிட்டது. அவர் ஒரு வாளியைச் சொட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு வேண்டும். எனக்கு நாற்பத்து நான்கு. அங்கேயே அழுதுவிட்டேன்.

சேகர் சொன்னபடி, நான் லைசன்ஸ் எடுக்கும் வரை இருந்துவிட்டுத்தான் ஜொகூர் போனான். இன்று டயாலிசிஸுக்கு என் கணவரை நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் இன்னும் பயம்தான். முருகா முருகா என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு ஓட்டுகிறேன். யாரும் அதட்டுவதில்லை.

பக்தர்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் உடைந்துவிடாதீர்கள். யாருக்கும் வேண்டாத இடத்தில் அவன் உங்களை உட்காரவைத்தால், நம்பி உட்காருங்கள். நான் இப்போது பணப் பாக்கியை நினைத்தும் அழுவதில்லை. டிரைவிங் ஸ்கூலுக்கு இன்னும் கட்ட வேண்டியது அறுநூற்று ஐம்பது வெள்ளி.