குழல் நுனியில் ஒரு வளையம்

தாரா வாத்து சுடுவது அருள்நாயகத்தின் வேலை. இறகு பிடுங்கிச் சுத்தம் செய்வது மனைவி மக்டலீனின் வேலை. மன்னார்க் கட்டுக்கரைக் குளத்தில் பழகிய கை அவருடையது. கனடாவில் மல்வேர்னுக்கு வந்து லைசென்ஸ் எடுத்ததும், பட்டறையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரக் கிழவரிடம் பழைய இரட்டைக்குழல் துவக்கு ஒன்றை வாங்கினார். பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படித் துடைத்ததில்லை.

தொண்ணூற்றேழில் சட்டம் வந்தது. நீர்நிலைகளில் தோட்டாவுக்குள் ஈயச் சன்னம், அந்தச் சின்னக் குண்டுகள், கூடாது. "பழைய குழல், வாய் ஒடுக்கம். இரும்புச் சன்னம் போடாதே, குழல் கெட்டுவிடும். ஈயம்போல மென்மையான பிஸ்மத் சன்னம் வாங்கு" என்றார் கடைக்காரர். விலை ஈயத்தைவிடப் பல மடங்கு. வீட்டுக்கு வந்த அருள்நாயகம், "பிஸ்மத் வாங்கிட்டன்" என்றார்.

அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை லீவு போட்டு நாலு தாரா சுட்டு வந்தார். மக்டலீன் சதைக்குள்ளிருந்து சன்னங்களை எடுத்துக் கோப்பையில் போட்டாள். பளபளவென்று மினுங்கின. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்குப் பிஸ்மத் எப்படியிருக்கும் என்று தெரியாது. ஆனால் இந்தக் குண்டு தெரியும்.

துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் முன் கோப்பையை வைத்தாள்.

"இஞ்சருங்கோ, உது பிஸ்மத்தோ?"

"ஓம்."

"அப்ப, தோய்க்கேக்க உங்கட வேலைச் சட்டைப் பையிலை கிடந்ததும் பிஸ்மத்தோ?"

அவர் சிரித்துவிட்டார். "பட்டறையிலை கிடந்த இரும்புக் குண்டுதான். ஈயத் தோட்டாவை வெட்டி மாத்தி அடைச்சனான். பொருளாதாரத் தடைக் காலத்திலை ஊரிலை சைக்கிள் குண்டு அடைச்சுச் சுடேல்லையே? துவக்கு கனடாவிலை எண்டாப்போல பெரிய மனுசரோ?"

மக்டலீன் குழலின் வெளிப்புறத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். நுனிக்கு இரண்டு விரற்கடை முன்னால் விரல் நின்றது.

"இதிலை தடவிப் பாருங்கோ."

தடவினார். மோதிரம் போட்டதுபோல் இரும்பு சுற்றிவர வீங்கியிருந்தது. மறுபடியும் தடவினார். சிரிப்புப் போய்விட்டது. மறுநாள் விடியற்காலை வேட்டைக் கூட்டாளி இராசரத்தினத்தோடு மீண்டும் ஏரிக்குப் போவதாக இருந்தார்.

"நாளைக்கு உந்தத் துவக்கை எந்தக் கண்ணுக்குப் பக்கத்திலை வைக்கப் போறியள்?"

எழுந்துபோய் இராசரத்தினத்துக்குப் போன் எடுத்தார்.

"மச்சான், நீ போ. நான் வரேல்லை."

திங்கட்கிழமை கடைக்காரர் குழலை அளந்து, இனி அதில் எதையுமே சுடக்கூடாது, குழல் வெடித்துவிடும் என்றார். அடுத்த வருடம் இரும்புச் சன்னத்துக்கென்றே செய்த புதுத் துவக்கோடு போனார். பழையதையும் விடாமல் துடைக்கிறார். அந்த வளையத்தில் துணி ஒவ்வொரு முறையும் தட்டுப்படும்.

வேலைச் சட்டையைத் தோய்க்கப் போடுமுன் மக்டலீன் இப்போதும் பைகளை வெளியே இழுத்துப் பார்க்கிறாள்.